பக்கிரிசாமி என்கிற சாமியப்பன்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் ஒருவருடைய திக்குவாயை நான் குணப்படுத்தினேன். அதனால் அவருடைய நிலம் கையைவிட்டுப் போகப் பார்த்தது. பேச்சுப் பயிற்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக முடிந்த சிகிச்சைகளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மைசூரில் படித்துவிட்டு வந்திருந்தேன். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் கடைசியில், உடைந்த ஸ்ட்ரெச்சர்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ரெச்சர்களுக்கு மட்டும் போக்கிடம் கிடைக்காததால் அவை என்னுடனேயே இருந்தன. நான் டாக்டர் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். "சரிங்க டாக்டரம்மா" என்பார்கள்.

பிரிவின் தலைவர் வயதான அறுவை மருத்துவர். அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த அன்று என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "எங்க வேலையில தப்புப் பண்ணினா ஆள் செத்துப்போவாங்க. உடனே தெரிஞ்சுடும். உங்க வேலையில யாரும் சாக மாட்டாங்க. அதனால தப்புப் பண்ணினது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாத்து நடந்துக்குங்க." அவர் என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் ஜில்லா முழுக்க நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் அவரை வெளியேற்ற முடியாது. ஆகவே பெயர் ஏறுவதற்கு முன்பே வெளியேற்றும் வேலை மும்முரமாக நடந்தது. வார்டில் தலையில் கட்டோடு படுத்திருக்கிறவரை விசாரித்தால் அனேகமாக வரப்பில் தொடங்கிய சண்டையாக இருக்கும். அதெல்லாம் என் அறைவரை வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் விவசாயச் சங்கத்துக்காரர், தோளில் துண்டு, கையில் காகிதக் கட்டு. இன்னொருவர் நாற்பது வயது இருப்பார், கதவோரமாக நின்றார்.

"இவருக்குப் பேச வராதுங்க" என்றார் சங்கத்துக்காரர். "ரெண்டு மாசத்துல தாலுகா ஆபீஸ்ல விசாரணை இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க."

கதவோரம் நின்றவரைப் பார்த்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டேன்.

"பக்கிரிசாமி" என்றார் சங்கத்துக்காரர்.

"அவரைக் கேட்டேன்."

"அவர்தாங்க பக்கிரிசாமி."

சங்கத்துக்காரர் நல்ல மனிதர். ஊருக்காக இரண்டு தடவை லாக்கப்பில் இருந்தவர். ஆனால் அவர் அறையில் இருக்கும்வரை நோயாளி வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. அவரைப் போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

பக்கிரிசாமி திக்கியதை நான் எழுத்தில் காட்டப் போவதில்லை. காகிதத்தில் பார்த்தால் அது வேடிக்கையாகத் தெரியும். அவர் சொன்ன சொற்களை மட்டும் சொல்கிறேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அவர் சொன்னது இவ்வளவுதான். "என் பேரை மட்டும் நல்லாச் சொல்ல வச்சுடுங்கம்மா. மத்தது எப்படி வந்தாலும் பரவால்ல."

ஒரே ஒரு சொல். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். படித்தபோது சொல்லியிருந்தார்கள், நோயாளியின் எதிர்பார்ப்பு சின்னதாக இருந்தால் வேலை சுலபம் என்று. ஏன் பேர் மட்டும் என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் குத்தகை. மனைவி, ஒரு பெண். 'ப'வும் அதையொட்டிய எழுத்துகளும்தான் அவருக்குப் பெரிய சுவர். வாராவாரம் புதன்கிழமை பஸ் ஏறி வருவார். திரும்பிப் போகும்போது பாபநாசத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பாபநாசம் என்று சொல்ல வராது. அதனால் கும்பகோணத்துக்கு டிக்கெட் வாங்கிப் பாபநாசத்தில் இறங்கிவிடுவார். ஒருநாள் கண்டக்டர், "இது கும்பகோணம் இல்லய்யா, உக்காரு" என்று சொல்லி இறங்க விடவில்லை. இறங்க வேண்டிய ஊர் இதுதான் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். பேசாமல் கும்பகோணம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓர் எழுத்துக்குப் பயந்து இறங்கும் ஊரையே மாற்றிச் சொல்கிற மனிதர் வேறு எதையெல்லாம் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அடுத்த பயிற்சியை ஆரம்பித்தேன்.

பயிற்சி விவரம் உங்களுக்குத் தெரியும். முதல் எழுத்தை மெல்லத் தொட்டு, கொஞ்சம் இழுத்து, தொடையில் விரலால் தட்டிக்கொண்டே ஒரே சீராகப் பேசுவது. நடவு சமயத்தில் ஒரு வாரம் வரவில்லை. மற்றபடி ஒழுங்காக வந்தார். வரப்பில் நடக்கும்போதும் மாட்டை ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஏழாவது வாரம் என் எதிரில் உட்கார்ந்து, விரலால் தட்டி, "பக்கிரிசாமி" என்றார். ஒரு தடங்கலும் இல்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் போய்ப் பிரிவுத் தலைவரைக் கூட்டிவந்தேன். நர்ஸ்கள் வந்தார்கள், வார்டு ஆயா வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை தன் பெயரைச் சொல்லிக் காட்டினார். தலைவர் மட்டும், "நல்லாயிருக்கு. இதை வச்சு என்ன பண்ணப் போறார்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவருக்கு வேலை இருந்தது.

"விசாரணைக்கு நீங்களும் வந்துடுங்கம்மா. நீங்க இருந்தா வரும்" என்றார் பக்கிரிசாமி. நீங்கள் இருந்தால் வரும் என்று ஒருவர் சொன்னால் அது பாராட்டு இல்லை, எச்சரிக்கை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு லீவு போட்டேன்.

தாலுகா ஆபீசில் விசாரணை அறை நீளமாக, சுண்ணாம்பு உதிர்ந்து இருந்தது. விசாரணை அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. ஒரு பெஞ்சில் பக்கிரிசாமியும் சங்கத்துக்காரரும். எதிர் பெஞ்சில் மிராசுதாருடைய ஏஜண்ட், அதாவது பண்ணையின் குத்தகை விவகாரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். நான் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மனு குடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

பக்கிரிசாமி எழுந்தார். தொடையில் விரல் அசைந்தது. "பக்கிரிசாமிங்க" என்றார்.

எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. உண்மையில் அதோடு கிளம்பி வீட்டுக்குப் போயிருந்தால் இன்றுவரை அது ஒரு வெற்றிக் கதையாக இருந்திருக்கும்.

அதிகாரி கையில் இருந்த பழைய குத்தகைச் சீட்டுகளைப் புரட்டினார். "இந்தச் சீட்டு எல்லாத்துலயும் குத்தகைக்காரர் பேர் சாமியப்பன்னு இருக்கு. பக்கிரிசாமின்னு ஒண்ணுல கூட இல்லையே."

"அது எழுதினவங்க தப்புங்க" என்றார் சங்கத்துக்காரர். "எங்ககிட்ட அப்படித்தான் சொன்னாரு."

"எட்டு வருஷமாவா?"

ஏஜண்ட் எழுந்தார். "தப்பே இல்லீங்க. அந்த நிலத்தை உழுதது சாமியப்பன்தான். ஆள் இதோ உக்காந்திருக்கார். இந்தப் பக்கிரிசாமி யாருன்னே எனக்குத் தெரியாது. நடவுக்கு வந்த கூட்டத்துல ஒருத்தனா இருந்திருப்பான். நான் இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. சீட்டு எப்படி இவன் கைக்குப் போச்சுன்னு நீங்கதான் விசாரிக்கணும்."

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்றார். "நான்தாங்க சாமியப்பன். ஆறு மாவும் நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். போன வருஷம் உடம்புக்கு முடியலைன்னு நானா மனசார விட்டுக் குடுத்துட்டேன். சீட்டு எங்கயோ தவறிப்போச்சு." அவ்வளவு தெளிவான உச்சரிப்பை நான் அதற்கு முன்போ பின்போ அதிகம் கேட்டதில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் சாமியப்பன்களுக்குக் குறைவில்லை. அவர் பெயர் நிஜமாகவே சாமியப்பனாகத்தான் இருந்திருக்கும்.

அதிகாரி பக்கிரிசாமி பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

பக்கிரிசாமியின் விரல் தட்டத் தொடங்கியது. மெதுவாக, ஒரே சீராகச் சொன்னார். "அந்தச் சாமியப்பனும் நான்தாங்க. எனக்குத் திக்குவாய். பக்கிரிசாமின்னு சொல்ல வரலை. அதனால அன்னிக்குப் பேரை மாத்திச் சொல்லிட்டேன்."

'எனக்குத் திக்குவாய்' என்பதை அவர் ஓர் இடத்திலும் திக்காமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் இரண்டு மூன்று விநாடி பெருமையாகத்தான் இருந்தேன். அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. பிறகுதான் அதன் விளைவு உறைத்தது.

"திக்குவாயாம்" என்றார் ஏஜண்ட். "ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறான். யாரோ மனப்பாடம் பண்ண வச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

அது உண்மை. மனப்பாடம் செய்ய வைத்த ஆள் நான்தான்.

சங்கத்துக்காரர் என்னைக் காட்டினார். அதிகாரி, "நீங்க யாரும்மா?" என்றார். சொன்னேன். "இவருக்குத் திக்குவாய் இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க சார். ஆனா இப்போ வெளியில கேக்காது."

"இருக்கு. ஆனா கேக்காது" என்று அதிகாரி சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

என்ன செய்வதென்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம் இருந்திருக்கும். என் நோட்டுப் புத்தகம் தஞ்சாவூரில் இருந்தது. கொண்டுவந்து காட்டினாலும், பணம் கொடுத்து எழுதி வாங்கியது என்று ஏஜண்ட் சொல்வார். இன்னொரு வழியும் தோன்றியது. வேண்டுமென்றே திக்கும்படி பக்கிரிசாமிக்கு ஜாடை காட்டலாம். என் கை பாதி உயர்ந்துவிட்டது. கீழே இறக்கினேன். நேர்மையினால் இறக்கினேன் என்று சொல்ல ஆசைதான். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் காரணம்.

அதனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சார், இவர் இப்போ பேசுறது நான் சொல்லிக் குடுத்த முறை. இவரோட பேச்சு இல்ல. அதை விடச் சொல்லி உங்க முன்னாடியே சொல்றேன்." அவர் பக்கம் திரும்பினேன். "பக்கிரிசாமி, நான் சொல்லிக் குடுத்ததை விட்டுடுங்க. விரலை எடுத்துடுங்க. உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சார் கேப்பார்."

சார் கேட்பாரா என்று சாரை நான் கேட்கவில்லை. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். அந்த அறையில் பக்கிரிசாமியிடம் நேராக நீங்க, வாங்க என்று பேசியது அவரும் நானும் மட்டும்தான்.

"நடிக்கப் போறான், பாருங்க" என்றார் ஏஜண்ட்.

பக்கிரிசாமி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு மாதம் பாடுபட்டு அடைத்த வரப்பை வெட்டிவிடச் சொன்னால் ஒருவர் எப்படிப் பார்ப்பார், அப்படி. எதை வாழ்நாள் முழுக்க ஒளித்து வைத்தாரோ அதை எதிராளிகள் முன்னால் எடுத்துப் போடச் சொல்கிறேன். அவர் மறுத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. விரலைத் தொடையிலிருந்து எடுத்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தார். "ஏஜண்ட் ஐயா புதுசா வந்த வருஷம், பேர் எழுத எல்லாரையும் வரச் சொன்னாங்க" என்று சொல்லி முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. கண்கள் மூடிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது. சங்கத்துக்காரர் உதவிக்கு வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மூடிக்கொண்டார். அதிகாரி கோப்பைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, பக்கிரிசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது பெரிய விஷயம். திக்குகிறவர் முகத்தைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்க நமக்கே பயிற்சி வேண்டியிருக்கிறது.

"அப்ப ஏஜண்ட் ஐயா" என்றவர் அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். உதடுகள் ஒட்டிக்கொண்டன. பூ என்று ஒரு சின்ன ஓசை வந்தது. மறுபடி பூ. மறுபடி. நெற்றியில் வேர்த்தது. குமாஸ்தா பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். பூ. நான் என் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பூ.

"பூவரச மரத்தடியில உக்காந்திருந்தேன். சொல்லித் தொலையேன்டா" என்றார் ஏஜண்ட்.

பக்கிரிசாமி வாயைத் திறந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், திரும்ப வைத்தார். "நீங்க உக்காந்திருந்தீங்களா?"

"இல்லீங்க, ஒரு ஊகத்துல சொன்னேன்."

"பூன்னு ஆரம்பிச்சாப் பூசாரி இருக்கு, பூட்டு இருக்கு, பூனை இருக்கு. நீங்க பூவரச மரத்தடியில உக்காந்திருந்தேன்னு சொன்னீங்க. இவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லன்னும் சொன்னீங்க." குமாஸ்தாவிடம் திரும்பி, "ரெண்டையும் எழுதிக்குங்க" என்றார்.

ஏஜண்ட் கெட்ட மனிதர் என்பதால் மாட்டிக்கொள்ளவில்லை. அவசரக்காரர் என்பதால் மாட்டிக்கொண்டார். எட்டு வருஷம் களத்தில் பக்கிரிசாமி ஆரம்பித்த வாக்கியங்களை எல்லாம் அவர்தான் முடித்து வைத்திருக்கிறார். வாய் அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவர் திக்கினால் நாம் முழிப்போம். வருஷக்கணக்காகத் தெரிந்தவர்தான் மீதியைச் சொல்லிக் கொடுப்பார். நம் நோயாளிகளின் சொல்லை அவர்களுக்காக முடித்து வைக்காதீர்கள் என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். அப்படி முடித்து வைத்ததால் நன்மை விளைந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பிறகு வரவில்லை.

அதிகாரி பக்கிரிசாமியிடம், "போதும், உக்காருங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார்.

பக்கிரிசாமி உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டியபடியே நின்றார். "இல்லீங்கய்யா" என்றார். "முடிச்சுடுறேன்."

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் வந்திருந்தது. என்னையும் ஒருமுறை பார்த்தார். "சரி, சொல்லுங்க" என்றார்.

வழக்குக்கு இனி அது தேவையில்லை. ஆனாலும் அவர் சொன்னார். பூவரச மரத்தடியில் ஏஜண்ட் நோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் பக்கிரிசாமிக்குப் பின்னால் கீழத்தெருக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். பேர் என்ன என்று கேட்டதும் உதடு ஒட்டிக்கொண்டது. பேரே மறந்துபோச்சாடா என்று ஏஜண்ட் கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கிரி வரவில்லை. ஆனால் சாமி வந்துவிட்டது. வந்ததை விட மனமில்லாமல் அதோடு அப்பனைச் சேர்த்துவிட்டார். ஏஜண்ட் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் திருத்திச் சொல்ல நினைத்தார். திருத்த வேண்டுமானால் பக்கிரிசாமி என்று சொல்ல வேண்டும். அப்படியே எட்டு வருஷம் போய்விட்டது. சங்கத்தில் கேட்டபோது, சொந்தப் பேரைச் சொல்ல முடியாமல் போனேன் என்று சொல்வதைவிட எழுதினவர் தப்பு என்று சொல்வது சுலபமாக இருந்தது.

இவ்வளவையும் அவர் சொல்லி முடித்தபோது அறையில் எல்லாரும் பசியோடு இருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஏஜண்ட்கூட. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிலத்துக்கே போய் விசாரித்தார்கள். நான் போகவில்லை, சங்கத்துக்காரர் சொன்னது. பக்கத்து வயல்காரர்களிடம் பக்கிரிசாமி யார் என்று அதிகாரி கேட்டார். தெரியவில்லை என்றார்கள். சாமியப்பன் யார்? அதுவும் தெரியவில்லை. இந்த ஆறு மாவை உழுகிறது யார் என்று கேட்டதும், "நம்ம திக்குங்க" என்று நாலு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். ஊரில் யாரும் அவரை எந்தப் பேராலும் கூப்பிட்டதில்லை. அதிகாரி பதிவேட்டில் பக்கிரிசாமி என்கிற சாமியப்பன் என்று எழுதினார். மூன்றாவது பேரையும் சேர்க்க வேண்டுமா என்று குமாஸ்தா கேட்டாராம். வேண்டாம் என்றாராம். மிராசுதார் அப்பீலுக்குப் போனார். அது சில வருஷம் இழுத்தது. பதிவு நிலைத்தது.

விசாரணை நடந்த அடுத்த புதன்கிழமையே பக்கிரிசாமி வந்தார். நான் மன்னிப்புக் கேட்கும் யோசனையில் இருந்தேன். ஆனால் முதலில் வாயில் வந்தது குற்றச்சாட்டுதான். "பேரை மாத்திச் சொன்ன விஷயத்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலியேம்மா" என்றார். "பேரைச் சொல்லுங்க, பேரைச் சொல்லுங்கன்னுதான் கேட்டீங்க."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். இரண்டு மாதம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தேன். உதடு, மூச்சு, நாக்கு எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். அந்த மனிதருக்கு என்ன பேச வேண்டியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூவரச மரத்தடி என் அறையிலேயே வெளிவந்திருக்கும். எதிராளிகள் முன்னால் அவர் அதை முதல்முறையாகச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இன்ன தேதிக்குள் சரிசெய்துவிடுங்கள் என்று யாராவது வந்தால் அந்தத் தேதியில் அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பயிற்சியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். சில பேருக்கு அது தேவைப்படாமலும் போகும்.

ஜாடை காட்டக் கை தூக்கியதையும் அன்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "வேணும்னே திக்கச் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். "அப்படி வராதும்மா" என்றார். "வேணும்னா வராது. வேணாம்னாத்தான் வரும்."

நான் படித்த புத்தகங்களில் இதைப் பல பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் சில மாதங்கள் அவர் வந்தார். பயிற்சி எதுவும் செய்யவில்லை. பேசிக்கொண்டிருப்போம். திக்கினால் திக்குவார். பயிர் வேலை அதிகமானதும் வரவு நின்றது. பாபநாசத்துக்கு டிக்கெட் கேட்டு வாங்குகிறாரா என்று கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அவர் மனைவியும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. உட்காரச் சொன்னேன், காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் மனைவி தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கிரிசாமி பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்ல ஆரம்பித்தார். பெண் என்பதில் உதடு ஒட்டிக்கொண்டது. கைகள் மடியில் சும்மா இருந்தன. அவர் மனைவி சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்திரிகை என் கண்ணெதிரில் தட்டில் இருந்தது. மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று முடித்தார்.

தேதியைப் பார்த்தேன். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. "இவ்வளவு முன்னாடியே கிளம்பிட்டீங்களே" என்றேன்.

"எல்லா வீட்டுக்கும் நானே சொல்லணும்மா. அதுக்கு இப்ப ஆரம்பிச்சாத்தான் சரியா வரும்."

"இதுவரைக்கும் எத்தனை வீடு ஆச்சு?"

அந்த எண்ணும் 'ப'வில்தான் ஆரம்பித்தது. நான் காத்திருந்தேன்.

"பதினாலு" என்றார். "இன்னும் ஒரு நூறு இருக்கும்."

காபி ஆறிப் போயிருந்தது. மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தேன்.